எச்சம் தெரிந்தால் பாதி இங்கிலீஷ்: பி.என். ரோட்டு ஞாயிறு வகுப்பு

முதலில் நான் ஏன் இந்த இங்கிலீஷ் கிராமர் வகுப்புக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பது. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மெயில் போடுவேன். எல்லாம் இங்கிலீஷில்தான். யாரும் குறை சொன்னதில்லை, போன ஆடி மாதம் வரைக்கும்.

ஒரு நேவி ப்ளூ ஆர்டரில் துணி ரோலுக்கு ரோல் நிறத்தின் ஷேட் மாறியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “எல்லா ரோலையும் செக் பண்றதுக்காக லைனையே நிறுத்துனோம்னு பையருக்கு எழுதிப்போடும்மா” என்றார். நான் அவசரத்தில் எழுதியது இது: ‘வி ஸ்டாப்ட் செக்கிங் எவ்ரி ரோல்.’ அரை மணி நேரத்தில் ஜெர்மனியிலிருந்து பையரே போன் செய்தார். ஷேட் பிரச்சினை இருக்கும்போது ஏன் செக் பண்ணுவதை நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார். நான் விளக்கிச் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியாளை வைத்து இன்ஸ்பெக்‌ஷன் போடச் சொல்லிவிட்டார். செலவு எங்கள் தலையில். ‘வி ஸ்டாப்ட் டு செக்’ என்று எழுதியிருந்தால் ஒரு பைசா செலவில்லை.

அந்த வாரமே பக்கத்து சீட் அக்கா இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். பி.என். ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. கட்டணம் 1,800 ரூபாய், இரண்டு தவணையாகவும் கொடுக்கலாம். நடத்துபவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படி எழுதப்போகிறேன் என்று சொன்னதற்கு, “எழுதுங்கம்மிணி, பேரு மட்டும் போடாதீங்க. கூட்டம் வந்தா உக்கார வெக்க எடமில்லீங்க” என்றார். அதனால் பெயர் போடவில்லை.

இது ஸ்பீக்கிங் கிளாஸ் கிடையாது. ‘முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்’ வகையைத் தேடுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எட்டு வாரமும் ஒரே விஷயம்தான்: ஜெரண்ட், பார்ட்டிசிபிள், இன்ஃபினிட்டிவ். மூன்றையும் சேர்த்து வெர்பல்ஸ் என்பார்கள். வினைச்சொல்லிலிருந்து பிறந்து, வினையாக நின்று வாக்கியத்தை முடிக்காமல், பெயராகவோ அடைமொழியாகவோ வேலை பார்க்கும் சொற்கள்.

முதல் நாள் போர்டில் அவர் ஒரு இங்கிலீஷ் எழுத்துகூடப் போடவில்லை. வரிசையாக ஐந்து சொல் எழுதினார்: தைத்தாள், தைத்த, தைத்து, தைக்க, தைப்பது. “இதுல எதைச் சொன்னா பேச்சு முடியும்?” என்று கேட்டார். தைத்தாள் என்றோம். “மத்ததெல்லாம்?” யாரும் பேசவில்லை. ‘தைத்த’ என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். எதைத் தைத்த, யார் தைத்த என்று காது அதுவாகவே காத்துக்கொண்டு நின்றது. “இதாங்க எச்சம். எலையில மிச்சம் வெக்கறாப்பல வாக்கியத்துல மிச்சம் வெச்சிருக்குது. பெயர் வந்து முடிச்சா பெயரெச்சம். வினை வந்து முடிச்சா வினையெச்சம். தைப்பது மட்டும் மிச்சம் வெக்கலீங்க, அது தொழிற்பெயர். இதைப் பள்ளிக்கூடத்துலயே படிச்சு மார்க் வாங்கிட்டு வந்து, இங்கிலீஷ்ல நான்-ஃபைனைட்னு சொன்னா மட்டும் பயப்படறீங்க.”

ஃபைனைட் என்றால் முற்று, நான்-ஃபைனைட் என்றால் முற்றாதது. அந்த ஒரு நிமிடத்துக்கே 1,800 ரூபாய் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பள்ளியில் தமிழ் இலக்கணத்தை ஒரு பீரியடிலும் இங்கிலீஷ் கிராமரை வேறொரு பீரியடிலும் படித்தேன். இரண்டும் பேசிக்கொண்டதாகவே நினைவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். தைப்பது என்ற தொழிற்பெயருக்கு ஜெரண்ட்: ‘ஸ்டிட்சிங் இஸ் ஹார்டு ஒர்க்.’ தைத்த, தைக்கிற என்ற பெயரெச்சத்துக்குப் பார்ட்டிசிபிள்: ‘ஸ்டிட்ச்டு ஷர்ட்.’ எதற்காக என்று கேட்டால் வரும் தைக்க என்ற வினையெச்சத்துக்கு இன்ஃபினிட்டிவ்: ‘ஷீ கேம் டு ஸ்டிட்ச்.’ தமிழில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி விகுதி இருக்கிறது. இங்கிலீஷில் ‘இங்’ என்பது ஃப்ரீ சைஸ். பெயருக்கும் அதே சட்டை, அடைமொழிக்கும் அதே சட்டை. ‘ஷீ இஸ் ஸ்டிட்சிங்’ என்னும்போது ‘இஸ்’ஸோடு சேர்ந்து முற்றுவினைக்கும் அதேதான். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

பின் பெஞ்சிலிருந்து கல்லூரி மாணவன் ஒருவன் கேட்டான்: “ஏனுங் சார், ரெண்டுக்கும் ஒரே உருவம்னா எதுக்கு ரெண்டு பேரு?” நல்ல கேள்வி என்று சாருக்கே முகம் மலர்ந்தது. பழைய இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனி விகுதி இருந்ததாம். பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’, பார்ட்டிசிபிளுக்கு ‘எண்டெ’. சில நூற்றாண்டுகளில் இரண்டும் கரைந்து ஒரே ‘இங்’ ஆகிவிட்டன. ஜெர்மன்காரர்கள் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறார்கள் என்றார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எங்கள் பையர் அனுப்பும் பேப்பர்களில் இன்வாய்ஸுக்கு ‘ரெஹ்னுங்’, டெலிவரிக்கு ‘லீஃபருங்’ என்று இருக்கும். பதினோரு வருடமாகப் பார்க்கும் அந்த ‘உங்’ இதுதானா! அந்தப் பையனுக்கும் சார் பதில் சொன்னார்: 2002-ல் வந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கண நூலில் இந்தப் பிரிவினையை எடுத்துவிட்டு இரண்டுக்கும் ‘ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்களாம். “ஆனா பரீட்சையில அப்படி எழுதிப்போடாதீங்க தம்பி, மார்க் வராது.”

இரண்டாம், மூன்றாம் வாரம் பார்ட்டிசிபிள். இந்த வகுப்பின் உச்சம் இதுதான். மீண்டும் ‘தைத்த’ என்று போர்டில் எழுதி, அதற்குப் பின்னால் என்னென்ன பெயர் வரும் என்று எங்களைக் கேட்டார். தைத்த டெய்லர், தைத்த மெஷின், தைத்த இடம், தைத்த தையல், தைத்த நேரம், தைத்த சட்டை. ஆறு வந்தது. நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லும் ஆறும் இவைதான் என்றார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ஒரே ‘தைத்த’ ஆறு பேருக்கும் பொருந்துகிறது. தைத்தவரா, தைக்கப்பட்டதா என்பதைத் தமிழ் காட்டுவதில்லை, கேட்பவர் புரிந்துகொள்வார். இங்கிலீஷ் அப்படி விடாது. செய்கிறவருக்கு ‘இங்’, செய்யப்பட்டதற்கு ‘எட்’. நாம் ‘போரிங்’ (சலிப்பூட்டுவது), ‘போர்ட்’ (சலித்துப்போனவர்) இரண்டையும் ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறோம் என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நம் மொழியில் அந்த வேலி இல்லை.

எங்களோடு படித்த ஒரு செக்கிங் சூப்பர்வைசர் அண்ணன் ஆர்வத்தில் எழுந்து, “ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் கிளாஸ், சார்” என்றார். சார் சிரிக்காமல், “நீங்க இன்ட்ரஸ்டிங்தானுங்க. ஆனா அதை நாங்க சொல்லோணும். நீங்க சொல்லிக்க வேண்டியது இன்ட்ரஸ்டட்” என்றார். அந்த அண்ணன் அடுத்த வாரமும் வந்தார். சாரின் கண்டிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்த வார வீட்டுப்பாடம்: அவரவர் வேலை செய்யும் இடத்தில் காதில் விழும் வெர்பல்களை எழுதி வர வேண்டும். நான் ஒரே நாளில் நாற்பது எழுதினேன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், அயனிங், பேக்கிங். திருப்பூரே ஜெரண்டில்தான் ஓடுகிறது. நூலுக்கு வந்தால் பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது செய்யப்பட்டதைச் சொல்லும் வகை: காம்டு, கார்டட், இரண்டும் பஞ்சைச் சீவி எடுத்த நூல். காதர்பேட்டையில் குவித்து விற்கும் ‘கட் பீஸ்’ கூட அதுதான், வெட்டப்பட்ட துண்டு. ‘நிட்டிங் மெஷின்’ என்று நான் பார்ட்டிசிபிள் பக்கம் எழுதியிருந்ததைச் சிவப்பில் சுழித்தார். நிட்டிங் மெஷின் என்றால் நிட்டிங்குக்கான மெஷின், கரண்ட் இல்லாமல் சும்மா நின்றாலும் அது நிட்டிங் மெஷின்தான், ஆகவே ஜெரண்ட். ‘ரன்னிங் மெஷின்’ என்று ஷெட்டில் சொல்கிறோமே, ஓடிக்கொண்டிருப்பது, அது பார்ட்டிசிபிள். ‘அதற்கான’ என்று போட்டுப் பார், சரியாக வந்தால் ஜெரண்ட். இந்த ஒரு சோதனையில் எனக்கு இதுவரை பிசகியதில்லை.

டையிங்குக்கு மட்டும் தனி எச்சரிக்கை. சாயம் போடும் டையிங்கில் ‘ஒய்’க்குப் பின்னால் ஒரு ‘ஈ’ வர வேண்டும். அதை விட்டுவிட்டால் செத்துக்கொண்டிருப்பது என்று அர்த்தம். ‘எங்கள் டையிங் யூனிட்’ என்று எத்தனை மெயிலில் அந்த எழுத்தை விட்டிருக்கிறேனோ. நொய்யல் ஆறு கெட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரில் இருந்தவர்களுக்கு அந்த எழுத்துப்பிழை பிழையாகவே தெரிந்திருக்காது.

நான்காவது வாரம் பார்ட்டிசிபிள் அந்தரத்தில் தொங்குவது பற்றி. என் பழைய மெயில் ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘ஹேவிங் பீன் டைடு இன் நேவி, வி நோட்டிஸ்டு ஷேட் வேரியேஷன்.’ துணிக்கு நேவி சாயம் போட்ட பிறகு ஷேட் மாறியதைக் கவனித்தோம் என்று சொல்ல நினைத்தது. சார் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நேவி கலர்ல முக்கி எடுத்தது துணியைங்களா, உங்களையா?” வாக்கியத்தின்படி எங்களைத்தான். காரணம், ‘ஹேவிங்’ என்று தொடங்கும் தொடருக்கு யார் எழுவாய் என்று எழுதாவிட்டால், காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எழுவாய்தான் அதற்கும் எழுவாய். இங்கே அது ‘வி’. எங்கள் மொத்த ஆபீஸும் நீலமாக நிற்கும் காட்சியை நினைத்து வகுப்பே சிரித்தது.

இதைத் தமிழ்க் காது எப்படிப் பிடிக்கும் என்று அவர் காட்டியதுதான் அழகு. ‘சாயம் ஏறி நாங்கள் கவனித்தோம்’ என்று சொல்லிப் பாருங்கள், உறுத்துகிறது. ‘செய்து’ வடிவத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் ஒரே ஆள் வேண்டும் என்பது நம் இலக்கணத்திலும் உள்ள விதி. விதிவிலக்கும் உண்டு, ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பதைப் பழைய உரைகாரர்கள் ‘ஞாயிறு பட வந்தான்’ என்று திருத்திப் பொருள் கொள்வார்கள். பட்டது, அதாவது மறைந்தது, சூரியன்; வந்தது அவன். ஆக, தொங்குவது இங்கிலீஷுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இப்போது மெயிலில் ‘இங்’கில் தொடங்கும் வாக்கியம் எழுதினால் மனதுக்குள் ‘செய்து’ போட்டு ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். உறுத்தினால் மாற்றிவிடுவேன்.

ஐந்தாவது, ஆறாவது வாரம் நான் எதற்காகப் போனேனோ அது. எந்த வினைக்குப் பின்னால் ‘டு’, எதற்குப் பின்னால் ‘இங்’. சார் கொடுத்த வழி: தமிழில் சொல்லிப் பார்த்து ‘-வதை’ அல்லது ‘-யதை’ என்று வந்தால் ‘இங்’, ‘செய்ய’ என்று வந்தால் ‘டு’. என் பழைய தவறு அதில் உடனே விழுந்தது. செக் பண்ணுவதை நிறுத்தினோம்: ஸ்டாப்ட் செக்கிங். செக் பண்ண நிறுத்தினோம்: ஸ்டாப்ட் டு செக். மறப்பதும் அப்படியே. சாம்பிள் அனுப்ப மறந்துவிட்டேன் என்றால் ‘ஃபர்காட் டு சென்ட்’, பொட்டலம் இன்னும் மேசையில் கிடக்கிறது. அனுப்பியதை மறந்துவிட்டேன் என்றால் ‘ஃபர்காட் சென்டிங்’, கூரியர் எப்போதோ போய்விட்டது. வர மறுத்தான், போக முடிவு செய்தேன், எல்லாம் ‘டு’. போவதைத் தவிர்த்தேன், ‘அவாய்டட் கோயிங்’. கச்சிதம்.

ஆனால் நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுக்க இதைச் சோதித்தேன். ஓட்டை இருக்கிறது. ‘தைத்து முடித்தேன்’ என்பதில் ‘-வதை’யும் இல்லை, ‘செய்ய’வும் இல்லை. இங்கிலீஷில் ‘ஃபினிஷ்டு ஸ்டிட்சிங்’. ‘வருவேன் என்று நம்புகிறேன்’ என்பதிலும் இரண்டும் இல்லை, ஆனால் ‘ஹோப்’ ‘டு’வைத்தான் கேட்கும். ‘சஜெஸ்ட்’ இன்னும் மோசம். அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். மறைக்காமல் ஒத்துக்கொண்டார். “பத்துல ஏழுக்குச் சரியா வருமுங்க. மீதி மூணை மனப்பாடம்தான் பண்ணோணும். சஜெஸ்ட், ஃபினிஷ், கன்சிடர் இதுக்கெல்லாம் இங். பின்னாடி ‘டு’ போட்டா யாரு போட்டாலும் தப்புங்க.” இந்த நேர்மை பிடித்தது. அந்த மூன்றையும் முதலிலேயே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் எல்லா மெர்ச்சண்டைசர்களும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்று நாம் தினமும் மெயிலின் கடைசி வரியில் போடுவது தப்பு. ‘டு ஹியரிங்’ என்று வர வேண்டும். ‘டு’ வந்தால் இன்ஃபினிட்டிவ்தானே என்றால், அந்த ‘டு’ வேறு. இது நம் ‘கு’ உருபு மாதிரி. பெயரைத்தான் கேட்கும். சோதனை: அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் மெயில்’ சரியாக நிற்கிறது. பெயர் நிற்கும் இடத்தில் வினை வர வேண்டுமானால் ஜெரண்ட் உடுப்பில்தான் வர முடியும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்’ என்பதும் அதே கணக்கு. போன மாதம் எங்கள் ஜெர்மன் பையரே ‘டு ஹியர்’ என்று எழுதியிருந்தார். பிரிண்ட் எடுத்துப் போய் சாரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சரி, குறைகள். நிறைய உண்டு.

ஏழாவது வாரம் பாதி வீண். நன்னூலில் வினையெச்ச வாய்பாடு பன்னிரண்டு என்று தொடங்கி, செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்று சார் கிளம்பிவிட்டார். எனக்குக் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த இரண்டு பேர் எங்கள் பேட்சில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயரெச்சம் என்றாலே புரியவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் சாரின் முறை. அவர்களுக்கு இரண்டு கரையும் தெரியாது. ஒருவர் நான்காவது வாரத்தோடு நின்றுவிட்டார். உங்கள் பிள்ளை அப்படிப் படித்தவராக இருந்தால் இங்கே அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்.

இன்னொன்று, ‘டு’ இல்லாத இன்ஃபினிட்டிவ். ‘மேக் ஹிம் டு கோ’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், ‘மேக் ஹிம் கோ’தான் சரி. ‘லெட்’டுக்கும் அப்படியே. ஆபீஸில் தினமும் வரும் பிழை. இதற்குக் கடைசி நாளில் ஐந்தே நிமிடம்தான் கிடைத்தது, அதுவும் பை எல்லாம் தோளில் ஏறிய பிறகு. ‘ரெக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கன்ஃபார்ம்’ என்பதில் ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே ‘கைண்ட்லி’ நுழைவது தப்பா என்று கேட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில இலக்கணக்காரர்கள் கிளப்பிய சண்டை அது, பயப்படாமல் எழுதுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அது போதும்தான்.

மெயில் எழுதும் பயிற்சி கிடையவே கிடையாது. நானாகக் கொண்டுபோய்க் காட்டியதால் பார்த்தார். பயிற்சிக்கு ரென் அண்ட் மார்ட்டின் வாங்கச் சொல்கிறார். 1930-களிலிருந்து பிள்ளைகள் மாரடிக்கும் அதே கிராமர் புத்தகம்தான். இன்ஃபினிட்டிவ், பார்ட்டிசிபிள், ஜெரண்ட் மூன்றுக்கும் தனித்தனிப் பாடம் இருக்கிறது, பயிற்சிகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியங்களின் வாசம் நம் ஷெட் பக்கம் அடிக்காது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்குங்கள், புதிது வாங்கத் தேவையில்லை.

மதிப்பெண் போட வேண்டுமானால் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றைக் குறைத்தது ஏழாவது வாரத்துக்காகவும் அச்சடித்த நோட்ஸ் இல்லாததற்காகவும்.

போகிறவர்களுக்குச் சில தகவல். அடுத்த பேட்ச் பொங்கல் முடிந்து ஆரம்பம். இருபது பேருக்கு மேல் சேர்க்க மாட்டார். பத்து மணி என்றால் பத்து பத்துக்குத்தான் தொடங்கும், ஆனால் பத்து பதினைந்துக்கு வந்தால் முறைப்பார். வண்டி நிறுத்தக் கீழே இடமில்லை. எதிர்ச் சந்தில் விட்டுவிட்டு வர வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் ஆடுகிறது. ஃபேன் ஒன்றுதான், அதற்கு நேர் கீழே இரண்டாவது பெஞ்சு. ஒன்பதே முக்காலுக்குப் போனால் அந்த இடம் கிடைக்கும். செக்கிங் அண்ணன் அதற்கு முன்னால் வந்திருக்காவிட்டால்.